நாற்பதில் நின்ற ஊசி

வளைகுடாவில், அல் குசைஸில் என் ரூம்மேட்டும் நானும் சேர்ந்து ஒரு வில் வாங்கினோம். குறிபார்க்க, தூரத்துக்கு ஒன்றாக ஐந்து ஊசி வைத்ததை எடுத்தேன். "அஞ்சு இருந்தா எதைலே நம்புவ? ஒண்ணு போதும்" என்று அவன் ஒற்றை ஊசி வைத்ததை வாங்கவைத்தான். தூரத்துக்கேற்ப அதை நாம்தான் நகர்த்த வேண்டும். அவன் நாற்பது மீட்டரில் எய்வான், நான் இருபதில். முடித்ததும் ஊசியை இருபதுக்குத் திருப்பிவைக்க அவனுக்கு ஒருநாளும் ஞாபகமிருக்காது. வெள்ளிக்கிழமைதோறும் சண்டை.

மாரடைப்பில் போனவனின் உடலை ஊருக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வெள்ளி மணல் மைதானத்துக்குத் தனியாகப் போனேன். முதல் அம்பே இலக்குக்கு மேலே பறந்தது.

"மறுபடியும் மாத்தாம வச்சிட்டியாலே!" என்று கத்தித் திரும்பினேன். பின்னால் மணல்தான் இருந்தது.

ஊசியை நகர்த்தக் கை வரவில்லை. நாற்பது மீட்டர் கோட்டுக்கு நடந்தேன்.