இரண்டு பாடமும் ஒரு சிவப்புப் பூவும்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கியவள். நான்கு என் வயிற்றில் பிறந்தவை, ஒன்று என் தங்கை விட்டுப்போனது. ஒன்றையும் சோடை போக விடவில்லை. அப்படிப்பட்டவளுக்கு இந்தக் கனடாவில் உதிரிப் பூ வாங்க வழியில்லை. இங்கே பூவை முழ நீளக் காம்போடுதான் விற்கிறார்கள். பெரிய பேத்தி தணிகாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சிவப்பு ரோஜாவும் ஒரு வெள்ளை ரோஜாவும் வாங்கினேன். கல்லா முன்னாலேயே இரண்டின் தலையையும் கிள்ளி, கோட்டுக்குள் இருந்த முந்தானையில் முடிந்துகொண்டு, காம்பைத் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. என் கையைத் தொட்டு மெதுவாக ஏதோ சொன்னாள்.

“இன்னாடி சொல்றா?”

“உன்ன யாரோ ஏமாத்திட்டாங்கன்னு நெனைக்கிறா ஆயா. அந்தக் கோவத்துல கிள்றியாம்.”

“இந்த வயசுலயா? இருந்தது ஒருத்தன், அவனும் ஏமாத்தாமத்தான் போய்ச் சேந்தான்னு சொல்லு.”

தணிகா சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது. பூ எதற்கென்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். இங்கே பிள்ளைகளேதான் பாடத்தைப் பொறுக்கி எடுக்க வேண்டும். வரும் பருவத்துக்கு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி இரண்டையும் ஒன்றாக எடுப்பதா, ஒன்றை விடுவதா என்று திங்கட்கிழமை சொல்லியாக வேண்டும். அவளுக்குக் கெமிஸ்ட்ரி மட்டும் போதும். என் மகன் குமரனுக்கு இரண்டும் வேண்டும்.

“ரெண்டும் இருந்தாத்தாம்மா எல்லாக் கதவும் தொறந்து கெடக்கும். நான் ஆர்.கே.பேட்டையிலேர்ந்து பஸ்ஸுல தொங்கிகினு போய்ப் படிக்கல? இவளுக்குத் தனி ரூமு, ஹீட்டரு, எல்லாம் கீது.”

“நீ தொங்கினதுக்கு அவளுக்கு ஏன்டா கை வலிக்கணும்?”

“உனக்குப் புரியாதும்மா.”

எனக்குப் புரிந்தது அவனுக்குத் தெரியாது. நான் இங்கு வந்து இது இரண்டாவது குளிர்காலம். ஆணி அடித்தது போல ஜன்னலெல்லாம் மூடிக் கிடக்கிறது. தெருவில் இறங்க எனக்கு ஒரு கைத்துணை வேண்டும். கால் நன்றாக இருக்கிற தணிகாவும் என்னைப் போலவேதான் அடைந்து கிடக்கிறாள். என் அறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருப்பது வெறும் பலகைச் சுவர். பரீட்சை நாள் காலையில் குழாயைத் திறந்துவிட்டு அவள் வாந்தி எடுப்பது எனக்குக் கேட்கும். ஒருநாள் வெளியே வந்தவள் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். “அப்பாக்குச் சொல்லாத ஆயா. நான் வீக்குன்னு நெனச்சுருவாரு.” நான் சொல்லவில்லை.

ஊரில் எங்களுக்கு ஒரு திகைப்பு வந்தால் திருத்தணி மலைக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்ப்போம். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, தனித்தனியாகப் பொட்டலம் கட்டி சாமி முன்னால் போட்டு, விஷயம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். வந்த பதிலை மாற்றக் கூடாது, மறுபடி கேட்கவும் கூடாது. எங்கள் நிலத்தில் கிணறு வெட்ட அப்படித்தான் கேட்டோம். பள்ளம் வேண்டாம், மேட்டில் வெட்டு என்று வந்தது. மேட்டில் முழுப் பாறை. உள்ளங்கை கிழியக் கிழிய என் வீட்டுக்காரர் உடைத்தார். வந்த தண்ணீர் குடிக்கத்தான் போதும். ஆனாலும் கடைசி வரைக்கும் பள்ளத்தில் அவர் கடப்பாறை வைக்கவில்லை. குமரன் கனடாவுக்கு வந்ததும் பூ கேட்டுத்தான். எத்தனை படித்தாலும் பூவுக்கு மேல் அவனுக்குப் பேச்சில்லை. நான் பேசினால் கேட்காதவன் முருகன் பேசினால் கேட்பான் என்றுதான் பூ வாங்கப் போனேன்.

நேற்று காலையில் படத்துக்கு முன்னால் இரண்டு பொட்டலம் வைத்தேன். வெள்ளை வந்தால் ஒன்றை விடுவது, சிவப்பு வந்தால் இரண்டையும் எடுப்பது. சின்னப் பேத்தி நிலாவுக்கு நாலு வயது. அவளைக் கூப்பிட்டேன்.

“ஒண்ணு எடு தங்கம்.”

“சாக்லேட்டா ஆயா?”

“அப்புறம் தரேன். எடு.”

எடுத்தாள். பிரித்தேன். சிவப்பு.

வெளியூரில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஊரிலென்றால் கோயிலை விட்டு இறங்கி, நாலு பேரிடம் சொல்லி அழுது மனசை ஆற்றிக்கொள்ளலாம். இங்கே அந்தப் பூவை வைத்துக்கொண்டு சமையலறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். சொன்னால் குமரன் கன்னத்தில் போட்டுக்கொள்வான், தணிகா வாயைத் திறக்க முடியாது. வெள்ளை வந்தது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பொய் சொல்லி நான் ஒரு பிள்ளையையும் வளர்க்கவில்லை. முருகனை வைத்தா சொல்வேன்?

இன்று முழுக்க யோசித்ததில் ஒன்றுதான் பிடிபட்டது. கிணற்றுக்குப் பூ கேட்டவர் என் வீட்டுக்காரர். பாறையை உடைத்ததும் அவர் கைதான். இந்தப் பிள்ளை முருகனிடம் எதையுமே கேட்கவில்லையே. கேட்டவள் நான். மீறினால் வருகிற குறையும் எனக்கே வரட்டும். குமரனிடம் இப்படியே சொல்லப்போகிறேன். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள், கிழவிக்கு அந்நிய மண் ஒட்டிக்கொண்டது என்று ஏசினால் ஏசுங்கள்.

இங்கே விளக்கு வைக்கிற நேரம். அங்கே விடிந்துகொண்டிருக்கும். மலையில் நடை திறந்து முருகனுக்குப் புதுப் பூ சாத்தியிருப்பார்கள். இங்கே அவன் படத்தடியில் இருக்கிற பூ ஹீட்டர் காற்றில் கறுத்துப்போயிற்று. இரண்டு இடத்திலும் அவன் என்னைத்தான் பார்க்கிறான். நான் எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுவது?

எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். நான் பேசப் பேச போன் எழுதிக்கொண்டது, சரியாக எழுதியதா தெரியவில்லை. குமரன் வேலையிலிருந்து வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.

“தணிகா, இங்க வாடி. நீ தமிழ்ப் பள்ளிக்கூடம் போனவதான, இத மொதல்லேர்ந்து படிச்சுக் காட்டு. திக்கினாலும் பரவால்ல. கொழா சத்தம் வர்ற எடத்துல மட்டும் நில்லு. அது இருக்கட்டுமா, எடுத்துறட்டுமான்னு நீதான் சொல்லணும்.”