கண் சிமிட்டாத வேலைநிறுத்தம்

தொலைக்காட்சியில் அவர் முகத்துக்குக் கீழே 'பொருளாதார நிபுணர்' என்று போடுவார்கள். எந்தக் கல்லூரியும் கொடுத்த பட்டம் அல்ல அது. முதல் முறை விவாதத்துக்குக் கூப்பிட்டபோது, கீழே என்ன போடுவது என்று அங்கே வேலை செய்த பெண் கேட்டாள். "ஏதாவது போட்டுக்கோங்கம்மா" என்றார். அவள் போட்டாள். அன்றிலிருந்து அவர் நிபுணர். தெருவிலும் அதே பெயர், வீட்டிலும் அதே பெயர். வீட்டில் சொல்கிற தொனி மட்டும் கொஞ்சம் வேறு.

அதற்கு முன்பு அவர் பல தொழில்கள் பார்த்தவர். தனிப்பயிற்சி நிலையம் நடத்தினார். மாணவர்கள் தேறினார்கள், நிலையம் தேறவில்லை. காப்பீட்டு முகவராக அலைந்தார். சொந்தக்காரர்கள் அவரைக் கண்டால் கதவைச் சாத்தத் தொடங்கியதும் விட்டுவிட்டார். பிறகு, பணக்காரர் ஆவது எப்படி என்று சொல்லித்தர ஒரு மாத இதழ் தொடங்கினார். பணமில்லாமல் அது நின்றுபோயிற்று. ஒவ்வொரு முறையும் கைகொடுத்தவர் அப்பா. அப்பா அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர்.

நிபுணர் பிறந்த அன்று அந்த அப்பா சிறையில் இருந்தார். எதையும் திருடவில்லை. ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம் வேண்டும் என்று நடுச்சாலையில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். குழந்தையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த சக ஆசிரியர்கள் அதற்குப் 'போராட்டம்' என்று செல்லப்பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடம் முடியும்வரை அந்தப் பெயர் அவரை விடவில்லை. போராட்டம் என்றாலே அவருக்கு எரிச்சல் வருவதற்கு அதுதான் காரணம் என்பாள் மனைவி. இல்லை, அது கொள்கை என்பார் அவர்.

கொள்கை இதுதான். ஓய்வூதியம் நாட்டைத் தின்கிறது. வேலைநிறுத்தம் செய்யும் ஆசிரியர்களை உடனே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சாயங்காலம் தவறாமல் தொலைக்காட்சியில் இதைச் சொல்வார். அங்கே பணம் தர மாட்டார்கள். கார் அனுப்புவார்கள், டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள், முகத்துக்கு மாவு பூசுவார்கள்.

அவர் வீட்டுக்கு அனுப்பச் சொன்ன ஆசிரியர்களில் ஒருத்தி அவருடைய மனைவி. கணக்கு டீச்சர். வேலையில் சேர்ந்தது தாமதம் என்பதால் அவளுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. சம்பளத்தில் பிடித்து எங்கேயோ போட்டுவைக்கிறார்கள். கடைசியில் எவ்வளவு வரும் என்பது கணக்கு டீச்சருக்கே போட முடியாத கணக்கு. அதனால் தண்ணீர்ப் பாட்டிலும் ஒரு தலையணையும் எடுத்துக்கொண்டு காலையில் போராட்டப் பந்தலுக்குப் போவாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்.

"இன்னிக்கு எங்களை என்ன பண்ணச் சொன்னீங்க?"

"பணிநீக்கம்னு பொதுவாத்தான் சொன்னேன்."

"பொதுவா நீக்கினாலும் நான் குறிப்பா இங்கதான் வந்து உட்காருவேன். பரவாயில்லையா?"

அவள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் சம்பளம் வரவில்லை. வாடகை, மளிகை, மருந்து, நிபுணரின் சட்டைக்கு இஸ்திரி எல்லாமே அப்பாவின் பென்ஷனில்தான் ஓடிக்கொண்டிருந்தன. பெரியவரைக் கவனித்துக்கொள்ள வந்துபோன அம்மாளின் கூலியும் அதிலிருந்துதான். அவள் நர்ஸ் படிப்புப் படித்தவள் அல்ல. ஆனாலும் எல்லோரும் நர்ஸம்மா என்றே கூப்பிட்டார்கள்.

பெரியவருக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் குழறும், சொல் வெளியே வர நேரம் எடுக்கும். புத்தி மட்டும் பழைய தலைமையாசிரியர் புத்தி. கழிவறைக்குப் பக்கம் என்று கட்டிலைக் கூடத்தில் போட்டிருந்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டியும் கூடத்தில்தான் இருந்தது. ஆகவே மகன் பேசுவதை அவர் பார்த்தே தீர வேண்டியிருந்தது. எழுந்து போக முடியாத ஒருவர் முன்னால் தினமும் அவருடைய சாப்பாட்டை நிறுத்தச் சொல்லிப் பேசுவது எப்படிப்பட்டது என்று நிபுணர் யோசித்ததில்லை. அவர் நாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை தாங்கள் உயிரோடு இருப்பதை அரசுக்குக் காட்ட வேண்டும். முன்பு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். இப்போது போனிலேயே செயலி வந்துவிட்டது. திரையில் ஒரு வட்டம் தெரியும். அதற்குள் முகத்தைக் காட்டி, கண்ணைத் திறந்து ஒரு முறை சிமிட்ட வேண்டும். மாதம் முடிவதற்குள் சிமிட்டாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். இந்த ஏற்பாட்டை ஒரு விவாதத்தில் மேசையைத் தட்டிக் கேட்டவர் நிபுணர். "செத்தவங்களுக்கெல்லாம் பென்ஷன் போகுதுங்க. முகம் காட்டலைன்னா உடனே நிறுத்துங்க, கேள்வியே கேட்காதீங்க!" அது விதியாக வந்தபோது, தன்னால்தான் வந்தது என்று தெரு முழுக்கச் சொன்னார்.

மாதக் கடைசி நெருங்கிய ஒரு காலையில் போனை நீட்டிக்கொண்டு கட்டிலருகே போனார். பெரியவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அப்பா, கண்ணைத் திறங்க. ஒரு நிமிஷ வேலை."

"மாட்டேன்."

"ஏன், கண்ணு எரியுதா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஸ்ட்ரைக்."

கஞ்சிக் கிண்ணத்தோடு நின்ற நர்ஸம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"என்னப்பா விளையாட்டு இது? என்னதான் வேணும் உங்களுக்கு?"

பெரியவர் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "ஒரே கோரிக்கை. டி.வி.ல நீ சொல்லணும். நான் நிபுணர் இல்ல. அப்பா பென்ஷன்ல சாப்பிடுறவன். அவ்வளவுதான்."

நிபுணர் தன் கையிலிருந்த ஆயுதங்களை எல்லாம் எடுத்தார். "இது அத்தியாவசியச் சேவைப்பா. இப்படி நிறுத்த உங்களுக்கு உரிமை கிடையாது. மக்களைப் பிணைக்கைதி ஆக்குறீங்க!"

"மக்கள்னா யாரு?"

"நான்தான்."

"சரி. மக்கள் வெளியே காத்திருக்கட்டும்."

வேலை செய்யாதவருக்குச் சலுகை கிடையாது என்று அறிவித்தார் நிபுணர். நர்ஸம்மா இடையில் வந்து நின்றாள். "சார், கஞ்சி, மருந்து, துணி மாத்துறது, இது மூணுலயும் கை வச்சா நான் சும்மா இருக்க மாட்டேன். வேணும்னா டி.வி.யை நிறுத்திக்கோங்க." அவரும் வீம்பாக நிறுத்தினார். பெரியவர் நிம்மதியாகத் தூங்கினார். அத்தனை நல்ல தூக்கம் அவருக்கு மாதக்கணக்கில் வாய்த்ததில்லை.

பிறகு குறுக்குவழி. அப்பாவின் பழைய புகைப்படத்தைப் போனுக்கு முன் பிடித்துப் பார்த்தார். உயிருள்ள முகத்தைக் காட்டவும் என்றது செயலி. கை கால் பயிற்சி நடக்கும்போது பெரியவர் கண்ணைத் திறந்துதானே இருப்பார் என்று அலமாரிக்குப் பின்னால் பதுங்கியிருந்து பாய்ந்தார். வட்டம் வருவதற்குள் கண் மூடிவிட்டது. கடைசியில் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு தன் முகத்தையே காட்டினார். அப்படியே அப்பா ஜாடை என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்லி வந்த முகம். பொருந்தவில்லை என்றது செயலி. இப்படிப் பென்ஷன் வாங்க முயல்கிறவர்களைச் சிறையில் போட வேண்டும் என்று அவரே எத்தனையோ முறை பேசியிருக்கிறார். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார்.

வெளியே நர்ஸம்மா நின்றாள். "சார், மறைக்காம சொல்லிடறேன். பென்ஷன் நின்னா என் கூலியும் நிக்கும். எனக்கும் அடுப்பு எரியணும். அடுத்த தெருவுல ஒரு அம்மாவைப் பார்த்துக்க ஆள் கேட்டிருக்காங்க. நான் போயிட்டா இதெல்லாம் நீங்கதான் பண்ணணும். இப்பவே கத்துக்கோங்க, வாங்க."

படுத்திருப்பவரைப் புரட்டுவது கைப்பழக்கத்தில் வருகிற வேலை. இடுப்புக்கு அடியில் குறுக்குத் துணி போட்டிருக்க வேண்டும். முழங்காலை மடித்துவிட்டு, ஒரு கை தோள்பட்டைக்குப் பின்னால், ஒரு கை இடுப்பில் வைத்து, தன் பக்கமாக உருட்ட வேண்டும். குனிகிறவர் தன் முழங்காலை மடக்க வேண்டும், முதுகை அல்ல. நிபுணர் முதுகை மடக்கினார். பிறகு துடைக்க வேண்டும், ஈரம் ஒற்ற வேண்டும், குதிகாலில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துடைக்கிற கட்டத்தில் நிபுணர் மூச்சை அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"அங்க ஒண்ணுமில்ல சார், இங்க பாருங்க" என்றாள் நர்ஸம்மா.

"மெதுவாடா. நான் மேசை இல்ல, தட்டுறதுக்கு" என்றார் பெரியவர், கண்ணைத் திறக்காமலே.

சாயங்காலம் மனைவியைச் சமரசத்துக்கு அனுப்பினார் நிபுணர். அவள் மாமனாரோடு வெகுநேரம் பேசிவிட்டு, இரண்டு பேருக்கும் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாள்.

"என்ன சொன்னார்?"

"கோரிக்கை நியாயமாத்தான் இருக்கு."

"நீ யார் பக்கம்?"

"நான் நடுநிலைங்க. ஆனா மாமா போராட்டத்துக்கு எங்க சங்கத்தோட ஆதரவு உண்டு."

மாதத்தின் கடைசி நாளும் வந்தது. அன்று சாயங்காலமும் விவாதம் இருந்தது. தலைப்பு, 'ஓய்வூதியம்: உரிமையா, சுமையா?' கார் வந்தது. கதவைப் பிடித்தபடி ஏறி, முதுகைப் பிடித்தபடி உட்கார்ந்தார் நிபுணர். வீட்டில் பெரியவரின் அனுமதியோடு டி.வி.யை மறுபடி போட்டார்கள். கூலி நிற்குமா நிற்காதா என்று தெரிந்துகொண்டு போகலாம் என நர்ஸம்மாவும் இருந்துவிட்டாள். மனைவி தன் போனில் செயலியைப் போட்டு, சார்ஜ் ஏற்றிக் கட்டிலருகே தயாராக வைத்தாள்.

முதல் சுற்றில் நிபுணர் தொண்டையைச் செருமினார். "எங்க வீட்டுலயும் ஒரு ஓய்வூதியர் இருக்கார். அவரை நான் ரொம்ப மதிக்கிறேன்." அதோடு பேச்சை நாட்டு வருமானத்துக்குத் திருப்பிவிட்டார். விளம்பர இடைவேளையில் மனைவியிடமிருந்து போன் வந்தது.

"பேச்சுவார்த்தை தோல்விங்க. மதிக்கிறேங்கறதை மருந்துக்கடையில வாங்கிக்க மாட்டாங்களாம், மாமா சொல்றார். நர்ஸம்மா பையை எடுத்துட்டாங்க."

இடைவேளை முடிந்ததும் நெறியாளர் அவர் பக்கம் திரும்பினார். "நிபுணர் அவர்களே, நேரடியா கேட்கிறேன். இந்தப் பென்ஷன் சுமையை யார் சுமக்கிறது?"

நிபுணர் வாயைத் திறந்தார். வழக்கமான பதில் நுனி நாக்கில் தயாராக நின்றது. முதுகு சுருக்கென்றது.

"அதுதாங்க எங்களைச் சுமக்குது" என்றார்.

"புரியலையே?"

"நான் நிபுணர் கிடையாதுங்க. எங்க அப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். நான் அவர் பென்ஷன்ல சாப்பிடுறேன். இந்தச் சட்டையும் அதுலதான். என் மனைவி டீச்சர், ஸ்ட்ரைக்ல இருக்காங்க, சம்பளம் இல்ல. பென்ஷனும் இன்னிக்கு நின்னா, நாளைக்கு அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க ஆள் கிடையாது. எனக்கு அது சரியா வரலைங்க."

நெறியாளர் காதில் மாட்டியிருந்த கருவியை அழுத்திக்கொண்டார். அதற்குள்ளிருந்து யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். "சார், இது உங்க தனிப்பட்ட கருத்தா?"

"கருத்து இல்லைங்க. சாப்பாடு."

எதிரே உட்கார்ந்திருந்த ஆசிரியர் சங்கத் தலைவர் நிபுணருக்குப் பதில் சொல்லக் கத்தையாகக் குறிப்பு கொண்டுவந்திருந்தார். அதில் இதற்குப் பதில் இல்லை. வாய்ப்பை விடக் கூடாது என்ற பழக்கத்தில், "இதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்" என்றார். அவசரமாக மறுபடி விளம்பரம் போட்டார்கள்.

கூடத்தில் பெரியவர் முதலில் இடக்கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதையும் திறந்தார். மனைவி போனைத் தூக்கிப் பிடித்தாள். வட்டம் வந்தது. பெரியவர் ஒரு முறைக்கு இரண்டு முறையாகச் சிமிட்டினார். தாங்கள் உயிருடன் இருப்பது ஏற்றுக்கொள்ளப்பட்டது, வாழ்த்துகள் என்றது செயலி. நர்ஸம்மா பையை ஆணியில் மாட்டினாள்.

அதன் பிறகு நிபுணரைத் தொலைக்காட்சியிலிருந்து கூப்பிடவில்லை. பார்க்கிறவர்கள் குழம்பிப்போகிறார்களாம். ஆசிரியர்களின் கோரிக்கையை ஆராய அரசு ஒரு குழு அமைத்தது. அந்தக் குழுவுக்கு என்ன வேலை என்று முடிவுசெய்ய இன்னொரு குழு அமைத்தது. வேலைநிறுத்தம் முடிந்து மனைவி பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலங்கள் சும்மா கிடந்ததால், நர்ஸம்மா கிளம்பிய பிறகு அப்பாவைப் புரட்டிப்போடும் வேலை நிபுணருக்கு வந்து சேர்ந்தது. பாசம் ஒன்றும் பொங்கிவிடவில்லை. முழங்காலை மடக்கப் பழகிக்கொண்டார், முதுகுவலி குறைந்தது.

ஒரு சாயங்காலம் அப்பாவுக்கு முதுகில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சியில் புது நிபுணர் ஒருவர் வந்தார். கண்ணாடி போட்டவர், நல்ல குரல். ஓய்வூதியம் நாட்டைத் தின்கிறது என்று மேசையைத் தட்டினார். பழைய நிபுணருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இவனை எனக்குத் தெரியும்பா. எங்கூடத்தான் இன்ஷூரன்ஸ் வித்துட்டு இருந்தான். இப்ப வேலை வெட்டி கிடையாது. அவங்க அம்மா ரிட்டயர்டு டீச்சர், அவங்க வீட்டுலதான் இருக்கான்."

பெரியவர் தலையணையில் முகத்தைத் திருப்பித் திரையை நன்றாகப் பார்த்தார். சொல் கிடைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அந்தம்மாவோட போன் நம்பர் உங்கிட்ட இருக்கா?"