சூடாக இருந்த எஞ்சின்

வெங்காயம் நடும் தறையை உழக் கூலி ட்ரக்டருக்கு அலைந்து களைத்துத்தான், நானும் கணவரும் பழைய சின்ன ட்ரக்டர் ஒன்று வாங்க நினைத்தோம். வட்டுக்கோட்டையில் ஒருவர் விற்பதாக அறிந்து, ராகுகாலத்துக்கு முன் வருவதாக அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். போனபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“நல்ல நேரம் தப்பிடும் எண்டு முந்தியே ஸ்டார்ட் பண்ணி வைச்சிட்டன், தங்கச்சி,” என்றார்.

அந்த அக்கறையில் மனம் குளிர்ந்துவிட்டது. எங்கள் துண்டு நிலத்துக்கு அளவான வண்டி, விலையும் குறைவு. நேரம் போகிறதென்று கணவரை அவசரப்படுத்தி வாங்க வைத்தேன்.

மறுநாள் காலை அது ஸ்டார்ட் ஆகவேயில்லை. மெக்கானிக் வந்து பார்த்தார்.

“எஞ்சின் தேய்ஞ்சு போச்சு, அக்கா. உது சூடா இருந்தாத்தான் எடுக்கும். ஆறின எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பாக்கேல்லையோ?”

கணவர் என்னைப் பார்த்தார். வீட்டில் விதை வெங்காயம் முளை விட்டுக்கொண்டிருக்க, மறுபடியும் கூலி ட்ரக்டருக்கு அலைந்தேன்.

இப்போது உறவினர் யாராவது பழைய வண்டி பார்க்கக் கூப்பிட்டால், விற்பவருக்குச் சொல்லாமல் போய், முதலில் எஞ்சினில் கை வைத்துப் பார்க்கிறேன். சூடாக இருந்தால், ஆறும்வரை அங்கேயே இருக்கிறேன். அதற்குள் ராகுகாலம் வந்தால் வரட்டும்.