கல்யாணப் படங்களின் பின்னால் ஒரு சாம்பல் திரை

அம்மாவின் கல்யாண அல்பத்தில் நான் அம்மாவைச் சரியாகப் பார்த்ததே இல்லை. பின்னால் தொங்கிய திரையைத்தான் பார்த்தேன். கம்பஸில் ஓவியம் படித்துப் பட்டம் எடுத்துவிட்டு, திருகோணமலை லிங்கநகர் வீட்டில் வேலைக்குக் காத்திருந்த காலம் அது. காத்திருப்பவர்களுக்கு வீட்டில் தேங்காய் துருவுகிற வேலை எப்போதும் உண்டு. அது முடிந்தால் பழைய அல்பம்.

மாலையும் கழுத்துமாக அம்மாவும் அப்பாவும். அவர்களுக்குப் பின்னால் சாம்பல். வெறும் சாம்பல் இல்லை, ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு நிற்கும் பல சாம்பல்கள். அவற்றின் ஊடாகச் சரிந்துகொண்டு போகும் ஒரு செங்கல் நிறக் கோடு. கை நடுங்காத ஒருவர் கீறிய கோடு.

"அம்மா, இது ஆர் கீறினது?"

"எது?"

"பின்னால நிக்கிறது."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "அது கீறினதில்லைப் பிள்ளை, படங்கு, மறைப்புக்குக் கட்டுற கன்வஸ் சீலை. பாலையூற்று ரீச்சரின்ர படங்கு. அப்ப எல்லாரும் அதுக்கு முன்னால நிண்டுதான் போட்டோ எடுத்தது. அத விடு, கொப்பரப் பார், என்ன மாதிரி நிக்கிறார் எண்டு."

அப்பா விறைத்துப்போய் நின்றார். நான் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய் அவர்களின் அல்பத்தைக் கேட்டேன். அங்கேயும் அதே சாம்பல். அடுத்த வீட்டில் சாமத்தியச் சடங்கு, அதற்குப் பின்னாலும் அதே. எதிர்வீட்டுக் கத்தோலிக்கப் பிள்ளையின் முதல் நன்மைப் படத்தில், கையில் மெழுகுதிரி, தலையில் வெள்ளை முக்காடு, பின்னால் அதே செங்கல் நிறக் கோடு தோளில் ஏறி இறங்கியது. ஓர் ஊரே ஒரு நவீன ஓவியத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. என் படிப்புக்கு இதைவிடப் பெரிய வேலை கிடைக்குமா?

பாலையூற்று வீட்டில் இப்போது இருப்பவர் ரீச்சருடைய தங்கையின் மகள். நான் "அன்ரி" என்று கூப்பிட்டபடியே படலையைத் திறந்தேன். உறவு ஒன்றும் இல்லை. ஆனால் அன்ரி என்று கூப்பிட்டால் நாயைக் கட்டுவார்கள், கதிரை போடுவார்கள். திரை அலுமாரிக்கு மேல், பழைய சேலையொன்றைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தது. இறக்கி விறாந்தையில் விரித்தோம். பாதிதான் விரிந்தது, மிச்சத்துக்குச் சுவர் இடம்விடவில்லை. அந்தப் பாதியைச் சுருட்டி மற்றப் பாதியை விரித்தேன். அப்போது முதல் பாதி மறந்துபோயிற்று. மணமக்களும் பூவும் இல்லாமல் அதை முழுதாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற பைத்தியம் அன்றைக்குத்தான் என்னைப் பிடித்தது.

ரீச்சர் இந்த ஊரில் பெண்பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்தவர். வகுப்பில் பூச்சாடியும் வாழைப்பழச் சீப்பும் கீறக் காட்டிக்கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பூவும் பழமும் இல்லாத பெரிய பெரிய ஓவியங்களைத் தீட்டியிருக்கிறார். வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தில் நின்ற காலம். அவருடைய தமையனுக்கு டொக்யார்ட்டில் வேலை. கப்பலின் மேல்தட்டில் வெயிலுக்குக் கட்டும் கன்வஸ் கிழிந்தால் கழித்துவிடுவார்கள். பெயின்ற் வாளியின் அடியில் மிஞ்சுவதையும் கழித்துவிடுவார்கள். தமையன் இரண்டையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். ஆகவே கப்பலின் சாம்பல். ஆகவே கப்பலின் அடிவயிற்றில் துரு ஏறாமல் பூசும் அந்தச் செங்கல் நிறம். ஒரு தடவை ஓவியமொன்றைச் சுருட்டிக் கொழும்பில் ஒரு கண்காட்சிக்கு ரயிலில் அனுப்பினாராம். ஓவியம் திரும்பி வந்தது. அதைச் சுற்றி அனுப்பிய நல்ல போர்வை திரும்பி வரவில்லை. குடும்பத்தில் இன்றைக்கும் பேசப்படுவது போர்வையைப் பற்றித்தான்.

"மற்றதுகள் எங்க அன்ரி?"

"ஒண்டு மாட்டுக்கொட்டிலுக்குப் போட்டது. ஒண்டு நெல்லு மூட எடுத்தது. இடம்பெயர்ந்து போகேக்க ரெண்டைக் கொண்டுபோய்க் கூடாரம் அடிச்சனாங்கள். என்ன மழை அது. ஒரு சொட்டு ஒழுகேல்லைப் பிள்ளை."

ஓவியம் ஒன்றுக்கு இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்தச் சஞ்சிகையிலும் வாசித்ததில்லை.

மிஞ்சியது இந்த ஒன்றுதான். இது தப்பியதற்குக் காரணம் ஒரு கோழிக்கூடு. ரீச்சர் இறந்த பிறகு அந்த வளவில் ஒரு கல்யாணம் நடந்தது. கோழிக்கூடு படத்தில் விழக் கூடாது என்று இதை இழுத்துக் கட்டினார்கள். படம் எடுக்க வந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் நானா. பின்னால் இந்தச் சாம்பல் இருந்தால் முகம் பளிச்சென்று விழுகிறது என்று அவர் கண்டுபிடித்தார். பிறகு எங்கே படம் எடுக்கப் போனாலும் "ரீச்சரின்ர படங்கை வாங்கி வையுங்கோ" என்று முதலே சொல்லிவிடுவார். அவருக்குப் பிறகு அவருடைய மகனும் அப்படித்தான். அன்ரி யார் கேட்டாலும் கொடுப்பார். நல்ல காரியத்துக்கு என்று ஒருவர் படலையில் வந்து நின்றால் இல்லை என்று சொல்லும் பழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

அல்பங்களை எல்லாம் போனில் படம்பிடித்துக் கொழும்பில் ஓவியம் பற்றி எழுதுகிற ஒருவருக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. மிகவும் முக்கியமான விடயம் என்று எழுதியிருந்தார். மணமக்கள் இல்லாத படம் ஏதாவது கிடைக்குமா என்றும் கேட்டிருந்தார். கிடைக்காது. எல்லோரும் நட்ட நடுவில்தான் நின்றிருக்கிறார்கள்.

நான் அன்ரி வீட்டில் இருந்தபோதுதான் கல்யாண மேடை சோடிக்கும் சோடனைக்காரர் அளவு நாடாவுடன் வந்தார். அன்புவழிபுரத்தில் ஒரு கல்யாணம், மாப்பிள்ளை கனடா, புது மண்டபம். சோடனைக்காரர் திரையை விரித்துப் பார்த்தார். தலையைச் சரித்து, ஒரு கண்ணை மூடி, நாங்கள் கம்பஸில் பார்ப்பது மாதிரியே பார்த்தார்.

"அன்ரி, மண்டபத்தில கட்டுற பிரேம் சின்னன். இந்தக் கரையில ஒரு முழம், கீழ ஒரு சாண் எடுத்தமெண்டால் அச்சொட்டா நிக்கும்."

அந்த ஒரு சாணில்தான் ரீச்சரின் கையெழுத்து இருந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"வெட்டக் கூடாது அன்ரி."

"அதில வெட்டுப்பட என்ன கிடக்கு? ஒரு பூக்கூட இல்லை."

"அவவின்ர கையெழுத்துக் கிடக்கு."

"அவவின்ர கையெழுத்து எனக்குத் தெரியாதே? ரிப்போட்டில சிவப்பாலதான் போடுறவ." அன்ரி சோடனைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "சித்திரத்துக்கு என்னைப் பெயிலாக்கினவ, சொந்தப் பெறாமகளை."

பெயிலானவர் பழிவாங்குகிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் அன்ரியின் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான். "நல்ல காரியத்துக்குக் கேட்டு வந்தவைக்கு ஏலாது எண்டு சொல்லுறதே பிள்ளை? கல்யாண வீட்டுக்காரர் வேண்டாமெண்டு சொன்னால் விடுறன். போய்க் கேளுங்கோ."

போனேன். வழி முழுக்க ஸ்கூட்டியில் ஒத்திகை பார்த்தேன்: நவீனத்துவம், பெண் கலைஞர்கள், வரலாற்றின் மௌனம். அன்புவழிபுரத்தில் பெண்ணின் தாய் முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் வரலாற்றின் மௌனத்தில் தொடங்கினேன். அவர் மிளகாயைக் கிளறினார். நான் நவீனத்துவத்துக்குப் போனேன். அவர் தும்மினார். பிறகு, யாரும் கேட்காமலே, தன் மனதில் கிடந்ததைச் சொன்னார்:

"எனக்கு இப்ப ஒரே யோசினை இவளின்ர விசாதான். கல்யாணப் போட்டோ எல்லாம் கேப்பாங்களாம். பொய்க் கல்யாணமோ எண்டு பாக்கிறதாம்."

என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"மாமி, ரீச்சரின்ர படங்குக்கு முன்னால நிண்டவையில ஒருத்தருக்கும் விசா மறுக்கேல்லை."

மிளகாய் கிளறிய கை நின்றது. "உண்மையாவோ?"

"நான் எல்லா அல்பமும் பாத்தனான். லண்டன், பிரான்ஸ், ஒஸ்ரேலியா. ஆனால் படங்கு முழுசா நிக்கோணும்."

நான் சொன்னதில் முதற்பாதி கிட்டத்தட்ட உண்மை. அந்த அல்பங்களில் இருந்தவர்களில் கனபேர் வெளிநாட்டில்தான் இருந்தார்கள். திருகோணமலையில் எந்த அல்பத்தைத் திறந்தாலும் அப்படித்தான். என் அம்மா அப்பாவுக்கும் விசா மறுக்கப்படவில்லை. அவர்கள் கேட்கவே இல்லை.

அன்று பின்னேரமே சோடனைக்காரருக்குக் கட்டளை போயிற்று. கத்தரிக்கோல் கிட்ட வரக் கூடாது. அவர் பிரேமைக் கைவிட்டு மண்டபச் சுவரில் ஆணி அடித்தார். அடித்த கோபத்தில் திரையின் இரண்டு பக்கமும் பிளாஸ்ரிக் ரோசா, மேலே மின்மினி விளக்கு, கீழ் மூலையில், சரியாகக் கையெழுத்துக்கு மேல், வெள்ளை ரெஜிபோம் அட்டையில் வெட்டிய இரண்டு அன்னங்கள். மூக்கும் மூக்கும் தொட்டு நின்றன. கல்யாணத்துக்குப் போன நான் சோற்றைப் பிசைந்துகொண்டே அந்த அன்னங்களை முறைத்தேன். திரை தப்பியது, கண்ணுக்குத் தெரியவில்லை. சரி, வெட்டுப்படவில்லையே.

மாப்பிள்ளை கனடாவுக்குத் திரும்பிப் போனார். படங்குக்கு முன்னால் நின்றால் விசா கிடைக்கும் என்ற கதை பரவியது. அன்ரியின் வீட்டுக்கு மூதூரிலிருந்துகூட ஆட்கள் கேட்டு வந்தார்கள். நான் உள்ளூரச் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

பிறகு அந்தப் பெண்ணுக்கு விசா மறுக்கப்பட்டது.

அன்ரிதான் போன் எடுத்துச் சொன்னார். "பொம்பிளையின்ர தாய் உங்களை வரட்டாம் பிள்ளை. சோடனைக்காரனும் அங்க போயிட்டான். அந்த மண்டபத்தில அடுத்த கல்யாணத்துக்கு இனி வெட்டலாம்தானே எண்டு கேக்கிறான். படங்கையும் இப்ப அவதான் வாங்கி வச்சிருக்கிறா."

இந்தத் தடவை ஒத்திகை ஒன்றும் வரவில்லை. உட்துறைமுகத்து வளைவில் ஸ்கூட்டியை நிறுத்தி, தூரத்தில் நின்ற கப்பல்களைப் பார்த்தேன். அவையும் அதே சாம்பல். ஒரு பொய்யில் கட்டித் தொங்கவிட்ட திரை எவ்வளவு நாளைக்கு நிற்கும் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்பது, அதற்கு முதல் திரையைத் தூக்கி ஸ்கூட்டியில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

பெண்ணின் தாய் கல்யாணப் படங்களை மேசை முழுக்கப் பரப்பி வைத்திருந்தார். பக்கத்தில் சோடனைக்காரர், பொக்கற்றில் கத்தரிக்கோலுடன்.

"மாமி, நான் ஒண்டு சொல்லோணும்."

"நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம் பிள்ளை. நான் கண்டுபிடிச்சிட்டன்." ஒரு படத்தைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார். விரல் அன்னத்தின் மூக்கில் இருந்தது. "முழுசா நிக்கோணும் எண்டு நீங்கள் அண்டைக்கே சொன்னனீங்கள். இஞ்ச பாருங்கோ. மூலையைக் காணேல்லை. இஞ்சால பூ. மேல லைற்று. எங்க படங்கு? இதைப் பாத்தால் எனக்கே விசா குடுக்க மனம் வராது."

"அக்கா, அன்னம் வடிவுக்கு வச்சது," என்றார் சோடனைக்காரர்.

"உம்மட அன்னமே கனடாவுக்குப் போகப்போகுது?"

சோடனைக்காரர் கத்தரிக்கோலைக் கையால் மூடிக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். உண்மையைச் சொல்ல வந்தவளுக்கு அதைவிட நல்ல ஒன்று கையில் கிடைத்துவிட்டது.

அடுத்த விடுமுறைக்கு மாப்பிள்ளை வந்தபோது, திரும்ப விண்ணப்பிப்பதற்காகப் படம் எடுத்தார்கள். மண்டபம் வேண்டாம், வீட்டு முற்றம் போதும் என்று பெண்ணின் தாய் சொல்லிவிட்டார். பக்கச் சுவரில் திரையை இழுத்துக் கட்டியவர் அதே சோடனைக்காரர். ஒரு பூ இல்லை. கூறைச் சேலையும் வேட்டியும் உடுத்த மணமக்களைத் தாய் பிடித்து இழுத்து ஓரமாக நிறுத்தினார்.

"நடுவில நிண்டு மறைக்காதேங்கோ."

"மாமி, கல்யாணம் எங்களுக்கா படங்குக்கா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"விசா வந்த பிறகு நடுவில நில்லுங்கோ தம்பி."

நான் முற்றத்தின் மறு கரையில் நின்றேன். முதன்முதலாக முழுதும் தெரிந்தது. இடப்பக்கத்துச் சாம்பல்கள் எல்லாம் வலப்பக்கத்துச் சாம்பல்களைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. செங்கல் நிறக் கோடு மேலிருந்து சரிந்து வந்து நடுவில் அறுந்து, மறுபக்கத்தில் கீழே தொடர்ந்து, கையெழுத்துக்குப் பக்கத்தில் போய் முடிந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. ரீச்சர் அங்கே தூரிகையே வைக்கவில்லை. பழைய கன்வஸின் மண் நிறம், கப்பலில் எவரோ தைத்த ஒரு தையல், அவ்வளவுதான். இத்தனை சாம்பல்களும் அந்த வெறுமையைச் சுற்றித்தான் நெருக்கிக்கொண்டு நின்றிருக்கின்றன. அதை இந்த ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. தலைமுறை தலைமுறையாக அதற்கு முன்னால்தான் நின்றிருக்கிறார்கள்.

"பாத்தியளே," என்றார் அன்ரி, எனக்குப் பின்னால். அவரும் அதை முழுதாகப் பார்ப்பது முதல் தடவை. "ஆக்கள் நிக்க இடம் விட்டுத்தான் கீறியிருக்கிறா. எனக்குத்தான் விளங்கேல்லை."

அப்படி இல்லை என்று விளக்க வாயெடுத்தேன். பிறகு, நான் மட்டும் என்ன கண்டேன் என்று விட்டுவிட்டேன். கால் தன்பாட்டில் முன்னே போய்க்கொண்டிருந்தது. அந்தத் தையலைக் கிட்டப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

"பிள்ளை, விலகுங்கோ," என்றார் நானாவின் மகன், கமராவுக்குப் பின்னாலிருந்து. எனக்குக் கேட்கவில்லை. அவர் ஏற்கெனவே அமுக்கிவிட்டார்.

விசா வந்தது. இரண்டாம் தடவை அவர்கள் நல்ல சட்டத்தரணி ஒருவரைப் பிடித்திருந்தார்கள்; அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இப்போது அந்தத் திரைக்குப் பக்கத்தில் ரோசாவும் வைக்க விடமாட்டார்கள், அன்னமும் வைக்க விடமாட்டார்கள். கத்தரிக்கோல் பற்றிச் சோடனைக்காரரே மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிறார். கொழும்புக்காரருக்கும் ஒரு படம் அனுப்பினேன். மணமக்கள் ஓரத்தில் நிற்கிறார்கள், மன்னிக்கவும் என்று எழுதினேன்.

அவருக்கு அனுப்பியதும் கனடாக் கோப்பில் போனதும் ஒரே படம். ஒரு கரையில் கூறைச் சேலையும் வேட்டியும். நட்ட நடுவில் ஒருத்தி, கமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திரையில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போய் நிற்பாள். விசா கொடுத்த அதிகாரி அவளை யார் என்று நினைத்தாரோ தெரியாது.