சாவு வீட்டில் வரி பேசியவர்

விஜயலட்சுமி அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் சுரங்க நகரியத்தின் பிளாக் வாட்ஸ்அப் குழுவில் காலையில் வந்தது. மாரடைப்பு. ரிட்டையர்மென்ட் கண்ணுக்குத் தெரிந்த தூரத்தில்தான் இருந்தது. நான் அதைப் படித்து முடிப்பதற்குள் கைகூப்பும் படத்தோடு ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்று முதல் ஆளாக ஒருவர் போட்டிருந்தார். ஏதோ ஒரு தனியார் வங்கியில் பாலிசி விற்கிறவர். அக்கா அவரை எங்கள் ஆபீஸ் வாசலிலேயே பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறார். எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா காடாம்புலியூரில் பிறந்தவர். சுரங்கத்தின் சம்பளப் பிரிவில் எனக்குப் பக்கத்து மேசை. உரக்கப் பேசுவார், பொறுமை கிடையாது, யாரிடமும் நல்ல பெயர் வாங்க மெனக்கெட்டதில்லை.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கன்வேயர் ஆபரேட்டர் ஒருவர் இறந்தார். ‘சும்மா வெச்சிருந்தா வரி பிடிச்சிடுவாங்க’ என்று பயமுறுத்தி, வந்த பணம் முழுவதையும் அவர் மனைவியை நீண்டகால பாலிசியில் போட வைத்தார்கள் பாலிசி விற்கிறவர்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்தம்மா எங்கள் ஆபீஸுக்கு வந்து கடன் கேட்டார். அன்றிலிருந்து நகரியத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், கருமாதிக்கு முன்பே அக்கா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

“நம்ம ஆளுங்களுக்கு வர்ற அளவுக்கு கிராஜுவிட்டி, பி.எஃப்., லீவு சம்பளம் எதுக்கும் நீங்க வரி கட்ட வேணாங்க. மாசாமாசம் வர்ற பென்ஷன் வருமானக் கணக்குல வரும். பேங்குல போட்டா வட்டியும் வரும். அவ்ளோதான். யாரு வந்து பயமுறுத்தினாலும் ஒரு வருஷம் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க.”

இதற்கு அவருக்குக் கிடைத்த பெயர் என்ன தெரியுமா? “பொணம் எடுத்த வூட்டுல வரி பேசிகினு வந்துட்டா.” பாலிசி விற்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்த வீடுகள், அக்காவுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

புதிய வரிமுறை வந்த பிறகு அவர் கோபம் இன்னும் ஏறியது. அதில் பாலிசி எடுத்தாலும் வரிக்கழிவு கிடையாது. ஆனாலும் ஆபீஸில் வரிக்கணக்குக் காட்டும் ஜனவரி பிறந்ததும் பழக்கதோஷத்தில் பாலிசியில் கையெழுத்துப் போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே இருந்தார்கள். “வரியும் கட்டற, பிரீமியமும் கட்டற. யாருக்கு மிச்சம் பண்ற நீ?” என்று ஒரு இன்ஜினியரைக் கேன்டீனில் வைத்தே கேட்டார். அவர் ஒரு மாதம் அக்காவிடம் பேசவில்லை.

வளையமாதேவியில் சுரங்கத்துக்கு நிலம் போன கலியபெருமாளை என்னால் மறக்க முடியாது. இழப்பீட்டுப் பணத்துக்கு வரி வரும் என்று சொல்லி ஒரு வங்கியில் பாலிசி எடுக்க வைத்திருந்தார்கள். அவர் ஒரே தடவை கட்டும் டெபாசிட் என்று நினைத்திருந்தார். அடுத்த வருடம் அதே தொகையைத் திரும்பக் கட்டச் சொன்னார்கள். அக்கா லீவு போட்டுவிட்டு அவரோடு வங்கிக்குப் போனார். நானும் போனேன். அக்கா மேனேஜரிடம் கேட்டார்:

“நெலத்த எடுத்துகினு குடுத்த இழப்பீட்டுக்கு சட்டத்துலயே வரி இல்ல. இல்லாத வரிய எப்படிங்க மிச்சம் பண்ணிக் குடுத்தீங்க?”

மேனேஜர் கையெழுத்து இருந்த இடத்தைக் காட்டினார். பாலிசியை முறித்ததில் பாதிப் பணம் போனது போனதுதான். வெளியே வந்ததும் கலியபெருமாள், “வுடும்மா. நெலமே பூடுச்சி, இது என்னா” என்றார். அக்கா பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

பால் தெளித்த மறுநாள் அக்காவின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அவர் கணவர் தனபால் அண்ணன் ஹாலில் உட்கார்ந்திருந்தார். பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு எதிரே, வாட்ஸ்அப்பில் முதலில் கைகூப்பிய அதே பாலிசிக்காரர். மாலை போட்ட படத்துக்குக் கீழே காகிதங்கள் விரித்திருந்தன, பக்கத்தில் காபி டம்ளர். அண்ணன் கையில் பேனா.

“அண்ணே, பேனாவ வைங்க” என்றேன். பிறகு அந்த மனிதரிடம், “எந்தப் பணத்துக்கு என்ன வரி? அண்ணன் எந்த வரிமுறையில இருக்காரு? சொல்லுங்க” என்றேன்.

அவர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, “மேடம், துக்க வீட்டுல இதெல்லாம் பேசலாங்களா?” என்றார்.

இத்தனை வருடமாக நகரியத்தில் அக்காவைப் பற்றிச் சொன்ன அதே பேச்சு. “இங்கதாங்க பேசணும்” என்று சொல்லி உட்கார்ந்தேன். கிராஜுவிட்டியில் தொடங்கி, அக்கா சொல்வதை வரிசை மாறாமல் சொன்னேன். அவர் காகிதங்களை அடுக்கிக்கொண்டு எழுந்து போனார். அண்ணன் பேனாவை மூடினார்.

“தினமும் சோறு போடும்போது இதத்தான் சொல்லிகினு இருப்பா. நான் டிவி பாத்துகினு இருப்பேன்” என்றார்.

போய் வாருங்கள், அக்கா. பக்கத்து பிளாக்கில் ஒரு கிரேன் ஆபரேட்டர் இறந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கருமாதி. நான் நாளைக்கே போகிறேன். எனக்கும் காபி கொடுக்க மாட்டார்கள்.