பால் காய்ச்சப் போன நிலம்

விருப்ப ஓய்வு வாங்கிய மறுமாதமே என் வீட்டுக்காரருக்கு விவசாயம் தலைக்கு ஏறிவிட்டது. ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் முதுகு வலிக்கும். ஆனால் உத்திரமேரூர் பக்கம் ஒரு ஏக்கர் வாங்கி, கொட்டகை போட்டு, கரண்ட்டே இல்லாமல் வாழப் போகிறாராம். அரை மணி நேரம் கரண்ட் போனால் ஈ.பி. ஆபீசுக்கு விடாமல் போன் போடுகிற மனுஷன்!

ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து நிலம் காட்ட வேன் விடுவார்கள். ஏ.சி. வேன், மதியம் சாப்பாடு, எல்லாம் இலவசம். சித்திரை வெயிலில் அந்த வேன் காய்ந்த வயல்மேல் குலுங்கிக் குலுங்கிப் போய் நிலத்தின் நடுவிலேயே நின்றது. இவர் கையோடு ஒரு வாஸ்துக்காரரை அழைத்து வந்திருந்தார். ஈசான மூலை பள்ளமாக இருக்கிறதா என்று இருவரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். "அக்கம்பக்கம் தொந்தரவே கிடையாது சார்" என்றார் புரோக்கர். இவர் ஒரு பிடி மண்ணை அள்ளி மோந்து பார்த்தார். என்ன புரிந்ததோ, தலையாட்டினார்.

பதிவு முடிந்தது. அதோடு விட்டாரா? கிணறு, கொட்டகை, மாடு எல்லாவற்றுக்கும் இருக்கிற வீட்டையே விற்பதாக முடிவு. வாங்க ஆளும் பார்த்துவிட்டார். கோவிலம்பாக்கத்துக்காரர்கள் தண்ணீர் லாரிக்குக் காத்துக்கிடக்கும்போது, எங்கள் வீட்டுக் கிணறு வற்றியதே இல்லை. அழுதேன், சண்டை போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை.

"சரி, மொதல்ல அங்க பால் காய்ச்சுவோம். அதுக்கப்புறம் இதுக்கு அட்வான்ஸ் வாங்குங்க" என்றேன்.

ஆடி ஆகாது, ஆவணியில் நாள் அமையவில்லை, புரட்டாசி ஆகாது என்று நல்ல நாள் ஐப்பசிக்குத் தள்ளிப் போனது. ஸ்டவ், சொம்பு, பால் பாக்கெட், கற்பூரம் சகிதம் கால் டாக்சியில் போய் இறங்கினோம். ரோட்டுக்கும் எங்கள் நிலத்துக்கும் நடுவில் பச்சைப் பசேலென்று நெல் நின்றது. வேன் போன வழியைக் காணோம். இவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நட்ட வயலு சார்! கால வெக்காத!" என்று களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் கத்தினார்.

"அதோ எங்க நிலம். அதுக்கு வழி எது?"

"அதுக்கு ஏது வழி? சுத்தியும் எங்க பங்காளிங்க வயலு. தையில அறுத்துருவோம், அப்புறம் வா."

"அதுவரைக்கும்?"

"இங்கேருந்தே பாத்துக்கினு போ. இல்லன்னா வரப்பு மேல போ, வழுக்கும்."

வழுக்கியது. முழங்கால் வரை சேற்றில் நின்றார் பண்ணையார். ஈசான மூலையைப் பார்த்தவர்கள் வாசல் எங்கே என்று பார்க்கவில்லை. பயிரை மிதித்ததற்கு அந்த அம்மாளிடம் திட்டும் வாங்கினார்.

வீடு திரும்பினோம். பால் கெட்டுவிடுமே என்று வந்ததும் வராததுமாக என் அடுப்பில் வைத்தேன். நன்றாகப் பொங்கி வழிந்தது. வாங்கிய கற்பூரத்தை ஏன் வீணாக்க வேண்டும், அதையும் காட்டினேன்.

காலில் சேறு காய்ந்தபடி உட்கார்ந்திருந்தவர் காபியை வாங்கிக்கொண்டே, "வீடு கேட்டவர் நாளைக்கு வருவார். நீயே சொல்லிடேன்" என்றார்.

"என்னன்னு?"

"விக்கலைன்னு."

காதில் நன்றாகவே விழுந்தது. இருந்தாலும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.