சாதுவான நாய் தேடிய ஆறுச்சாமி

"நாய் இருக்குதுங்களா?" என்று வேலிப் படலுக்கு வெளியே நின்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் ஆறுச்சாமி எந்த வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைப்பார். என் வீட்டில் நாயே கிடையாது. இருபது வருஷமாகப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிற மனுஷருக்கு அது தெரியாதா என்ன? ஆனாலும் கேட்பார்.

ஐம்பது வயது, நல்ல உயரம். கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, மலையடியில் கடலைக் காடும் பத்து வெள்ளாடும் வைத்திருக்கிறார். ஏழெட்டு வருஷத்துக்கு முன், எழுபத்து மூன்றாம் வருஷத்தில், எங்கள் பக்கம் கரண்டு மோட்டார் வைத்த முதல் ஆள். முரட்டுக் காளைக்கு மூக்குக் குத்த ஊரே அவரைத்தான் கூப்பிடும். நாய் என்றால் மட்டும் பயம். சின்ன வயதில் வெறிநாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர். "கடிச்சது ஒரு நொடிங்க தம்பி, ஊசி பதினாலு நாளுங்க" என்று சட்டையைத் தூக்கிக் காட்டுவார். வயிற்றில் ஒரு தழும்பும் இருக்காது.

போன மாதம் பொழுது சாய்வதற்குள்ளேயே சிறுத்தை இறங்கி, அவர் வாசலில் கட்டியிருந்த ஆட்டைத் தூக்கிப் போய்விட்டது. மகள் கமலாத்தாள் தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். "அதே வாசல்லதானுங்க புள்ளைக்குத் தொட்டில் கட்டோணும்" என்று ஆறுச்சாமி என்னிடம் சொன்னார். நாய் வேண்டும். ஆனால் நாய்க்கும் பல் இருக்கிறதே!

நாங்கள் இருவரும் போனபோது, கோவிந்தாபுரத்துச் செங்கோட்டையன் விற்பதற்கென்று இரண்டு நாய்களைப் பழக்கி வைத்திருந்தார். ஒன்று கோம்பை: செம்மண் நிறம், கறுத்த மூஞ்சி, இலை அசைந்தாலும் குரைக்கும். மற்றது ராஜபாளையம்: வெள்ளை வெளேரென்று, இடுப்புயரம். "கோம்பை முன்கோவிங்க, ஆனா ஊட்ட உட்டு நகராது. வெள்ளை இங்க வந்து பத்து நாளுதானாகுது, இன்னும் சத்தமே போடுலீங்க. உங்க ஊட்டுக்கு எது ஆகுமுன்னு நீங்கதானுங்க பாக்கோணும்" என்றார்.

ஆறுச்சாமி பரீட்சைக்கென்று ஒரு மண்ணெண்ணெய் டின் கொண்டுவந்திருந்தார். தள்ளி நின்று ஓங்கித் தட்டினார். கோம்பை சங்கிலி தெறிக்கப் பாய்ந்தது. அவர் என் முதுகுக்குப் பின்னால் இருந்தார். வெள்ளை நாய் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"பாத்தீங்களா, எத்தன சாது! புள்ள அழுதாலும் கோவிச்சுக்காதுங்க."

நானும் தலையாட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெள்ளையைக் கூட்டிவந்த மூன்றாம் நாள் அவர் மனைவி முத்தாத்தாளின் கையிலிருந்து பித்தளை அண்டா நழுவி, நாய்க்குப் பின்னாலேயே விழுந்தது. கோழிகள் சிதறி ஓடின. நாய் திரும்பவில்லை. அந்த அம்மாள் அதன் காதருகே கைதட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங், இது சாதுவில்லீங்க, செவுடுங்க!" என்று கத்தினார்.

ஆறுச்சாமி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சிறுத்தை முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாலும் அந்த நாய்க்குத் தெரியாது. "என்ற பயத்துக்குத்தானுங்க தம்பி நாய் பாத்திருக்கறேன், புள்ளைக்குப் பாக்குலீங்க" என்றார். அன்றைக்கே வெள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கோம்பையைக் கூட்டிவந்தோம். ஒரு வாரம் சோற்று வட்டிலை மூங்கில் கழியால் தள்ளித் தள்ளித்தான் வைத்தார்.

மகள் வருகிற நாள் காலையில் போனேன். கோம்பை வட்டிலில் தலை கவிழ்த்துத் தின்றுகொண்டிருந்தது. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு, ஆறுச்சாமி நாலு காலில் அதை நோக்கித் தவழ்ந்து வந்துகொண்டிருந்தார். முகத்தில் வேர்வை கொட்டியது. பக்கத்தில் முத்தாத்தாள் உலக்கையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார்.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"புள்ள தவுந்து வந்து சோத்துல கை வெச்சா என்ன பண்ணுமுன்னு பாக்கோணுமுங்களே."

பிள்ளை இன்னும் பிறக்கவே இல்லை. நாயின் தொண்டைக்குள் உறுமல் கிளம்பியது. ஆறுச்சாமி கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ங்கா" என்று மெல்லிய குரலில் மழலை பேசியபடி, வட்டிலுக்குள் கையை விட்டார்.